கணக்கு ஃபைல் ஊதிப்போனால்: வெட்டுவதா, மூடுவதா?

யாங்கோன் பயின்னவுங் மொத்தச் சந்தையில் உளுந்து, துவரை கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மார்ச்சில் கூப்பிட்டார். "தம்பி, கம்ப்யூட்டர் போயிருச்சு. புதுசு வாங்கணும் போல."

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு ஒன்றுமில்லை. கணக்கு மென்பொருளைச் சொடுக்கிவிட்டு எதிர்க்கடையில் லப்பையே என்ற பர்மியப் பால் டீ சொன்னோம். டீ வந்து, பாதி கிளாஸ் குடித்த பிறகுதான் திரையில் கணக்குப் பட்டியல் எட்டிப் பார்த்தது. எட்டு வருட வியாபாரம் முழுக்க ஒரே ஃபைலில் கிடந்தது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எலிக்குறி சுற்றிக்கொண்டே இருந்தது.

"பழசையெல்லாம் அழிச்சுடு தம்பி. 2017ல எவனுக்கு வித்தேன்னு இப்ப யாரு கேக்கப் போறா?"

இந்த யோசனை எல்லோருக்கும் வரும். எனக்கும் ஒருகாலத்தில் வந்தது. ஆனால் கணக்கு ஃபைலில் பழையதை அழிக்கக் கூடாது. அதற்குக் காரணம் ஒன்றுதான். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வங்கிக் கணக்கில் இன்று 86 லட்சம் கியாட் இருப்பதாக மென்பொருள் காட்டுகிறது என்று வையுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அந்த 86 லட்சம் தனியே எங்கோ எழுதி வைத்த எண் அல்ல. முதல் நாள் பதிவிலிருந்து இன்று காலை போட்ட பதிவு வரை கூட்டிக் கழித்து வருவது. 2019இல் வங்கியில் போட்ட 5 லட்சத்தின் பதிவை நீங்கள் அழித்தால், இன்றைய இருப்பில் 5 லட்சம் குறையும். வங்கியில் பணம் அப்படியே இருக்கும். உங்கள் கணக்கில்தான் இருக்காது. அப்புறம் அது எங்கே போனது என்று தேடித் தேடி ஒரு வாரம் தூக்கம் போகும்.

அதனால் அண்ணனிடம் சொன்னேன்: "அழிக்க வேண்டாம்ணே, மூடுவோம்." அழிப்பதும் மூடுவதும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், உண்மையிலேயே எது பெருத்திருக்கிறது?

ஒரு பரிவர்த்தனை என்றால் குறைந்தது இரண்டு கால்கள்: ஒன்று பற்று, ஒன்று வரவு. உளுந்து விற்றால் கல்லாவில் பணம் ஏறும், விற்பனைக் கணக்கிலும் ஏறும். இதோடு தேதி, விவரம், அளவு, மென்பொருள் தானே கொடுக்கும் நீளமான அடையாள எண் எல்லாம் சேரும். அண்ணன் பயன்படுத்துவது க்னூகேஷ் என்ற இலவச மென்பொருள். வழக்கமாக அது எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவில் சேமிக்கும். அந்த வடிவில் ஒரு சாதாரணப் பரிவர்த்தனை ஒன்று, ஒன்றரை கிலோபைட் பிடிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 20 பதிவு, வருடத்துக்கு 300 வேலை நாள். ஆக 6,000. எட்டு வருடத்துக்கு 48,000. ஒன்றரை கிலோபைட் வீதம் 72 எம்பி. மென்பொருள் இதைச் சுருக்கி வைப்பதால் டிஸ்கில் ஏழெட்டு எம்பிதான் தெரியும். "ஒரு பாட்டு ஃபைல் அளவுதானே, இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று அண்ணன் கேட்டது நியாயம். ஆனால் திறக்கும்போது சுருக்கியதை விரித்து, 48,000 பதிவுகளையும் நினைவகத்தில் ஏற்றி, ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் கூட்டியாக வேண்டும். சேமிக்கும்போது, நீங்கள் மாற்றியது ஒரு வரியே ஆனாலும் ஃபைல் முழுவதையும் திரும்ப எழுதும். பத்து வருடப் பழைய லேப்டாப் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

அண்ணன் கடையில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. க்னூகேஷ் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய ஃபைலைத் தேதியும் நேரமும் சேர்த்த பெயரில் ஒரு நகலாக ஒதுக்கி வைக்கும். நாமாக மாற்றாவிட்டால் 30 நாள் நகல்களை வைத்திருக்கும். ஃபைல் 7 எம்பி, நாளுக்கு 20 முறை சேமிப்பு என்றால் ஒரு நாளுக்கு 140 எம்பி. முப்பது நாளுக்கு 4,200 எம்பி, அதாவது 4 ஜிபிக்கு மேல். டிஸ்கை அடைத்தது எட்டு வருட வியாபாரமல்ல, ஒரு மாத நகல்கள். அமைப்புகளில் போய் 30 நாளை 7 ஆக்கினேன். அண்ணன் முகத்தில் அப்போதே பாதித் தெளிவு.

உங்கள் மென்பொருள் பில் படங்களை ஃபைலுக்குள்ளேயே சேர்த்து வைக்கும் ரகமா என்றும் பாருங்கள். ஃபோனில் எடுத்த ஒரு பில் படம் 3 எம்பி என்றால், அது இரண்டாயிரம் பரிவர்த்தனைக்குச் சமம். அப்படியானால் குற்றவாளி கணக்கல்ல, கேமராதான். படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, பதிவில் பில் எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

சிலர் "டேட்டாபேஸ் வடிவுக்கு மாத்து, எல்லாம் பறக்கும்" என்பார்கள். க்னூகேஷில் எஸ்கியூலைட் வடிவம் உண்டு. அதில் ஒவ்வொரு பதிவும் போட்ட உடனே எழுதப்படும். சேமிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் திறக்கும்போது அதுவும் எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றத்தான் செய்யும். டீ நேரம் பெரிதாகக் குறையாது.

மொகல் தெருவில் இதை எப்படிச் செய்தார்கள்

யாங்கோன் ரங்கூனாக இருந்த காலத்தில் மொகல் தெரு என்று ஒன்று இருந்தது. இன்று அது ஷ்வேபொந்தா தெரு. நகரத்தார் கிட்டங்கிகள், அதாவது அவர்களின் வட்டிக்கடைகள் இயங்கிய கட்டடங்கள், இருந்த இடம். ஊரிலிருந்து மூன்று வருடத் தவணைக்கு ஒரு மேலாள் வருவார். தவணை முடிந்ததும் அடுத்தவர் வந்து பொறுப்பை ஏற்பார். இப்போது யோசித்துப் பாருங்கள். புதிதாக வந்தவர், முந்தையவர் மூன்று வருடம் எழுதிய பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக் கூட்டிக்கொண்டா இருப்பார்? மாட்டார். ஐந்தொகை எடுப்பார்கள். எந்தப் பேரில் எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், கையிருப்பு என்ன, போட்ட முதல் (மூலதனம்) எவ்வளவு என்று எல்லாப் பேரேட்டுக் கணக்கும் ஒரு பட்டியலுக்குள் வந்துவிடும். இரு பக்கமும் நேராக வந்தால் கணக்கு சரி. அந்த நிலுவைகளைப் புதுப் பேரேட்டின் தலையில் ஏற்றிப் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவார்கள். பழைய பேரேடு பெட்டகத்துக்குப் போகும். அதை யாரும் கிழித்துப் போடுவதில்லை.

கணக்கு ஃபைலை மூடுவதும் அதேதான். ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒரு நாளில் நிறுத்தி, ஒவ்வொரு கணக்கிலும் மிஞ்சிய ஒரே ஒரு எண்ணாக ஆக்கி, அந்த எண்ணோடு புது ஃபைலைத் தொடங்குவது. பள்ளியில் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு 'இருப்பு கீ/கொ', 'இருப்பு கீ/இ' ஞாபகம் வரும். பேரேட்டில் காலத்துக்குக் காலம் செய்ததை இங்கே ஃபைலுக்கு ஃபைல் செய்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு நுணுக்கம். எல்லாக் கணக்கும் மறுபக்கம் தாண்டாது. கல்லா, வங்கி, சரக்கு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, முதல் ஆகியவை தாண்டும். நேற்று இருந்த பணம் இன்றும் இருக்கும், நேற்றைய கடன் இன்றும் கடன்தான். வாடகை, கூலி, லாரிக் கட்டணம், விற்பனை, கமிஷன் ஆகியவை தாண்டாது. போன வருட வாடகை போன வருடத்தோடு முடிந்தது. புது வருடத்தில் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். போன வருட வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது லாபமோ நட்டமோ, முதலோடு சேர்ந்துவிடும்.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். இவை அண்ணன் கடை எண்கள் அல்ல, நானாகப் போட்டவை. 2025 மார்ச் 31 இரவு ஒரு கடையில்:

கல்லா 12,40,000 கியாட்
வங்கி 86,50,000
சரக்கு 2,15,00,000
வரவேண்டியது 94,00,000
ஆக மொத்தம் 4,07,90,000

கொடுக்கவேண்டியது 1,38,00,000
மீதி, கடைக்காரர் முதல் 2,69,90,000

ஏப்ரல் 1 அன்று புது ஃபைலில் முதல் பதிவு இதுதான். எட்டு வருடத்து 48,000 பதிவுகள் இருந்த இடத்தில் சில வரிகள். எந்த இருப்பும் ஒரு கியாட்கூட மாறவில்லை.

செய்யும் முறை

க்னூகேஷில் நான் செய்வதைச் சொல்கிறேன். வேறு மென்பொருளானாலும் வரிசை கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் ஃபைலை நகல் எடுத்து வேறொரு பென் டிரைவில் போட்டு, அந்த நகலைத் திறந்து பார்ப்பேன். நகல் எடுத்தேன் என்பது போதாது. திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மார்ச் 31 வரைக்கும் வங்கிக் கணக்கை வங்கி கொடுத்த பட்டியலோடு ஒத்துப் பார்த்துச் சரிக்கட்டுவேன். தப்பான இருப்பைப் புது ஃபைலுக்குக் கொண்டுபோனால், தப்பு எங்கே என்று காட்டும் பதிவுகள் பழைய ஃபைலில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் இருப்புநிலைக் குறிப்பை, அதாவது அந்த ஐந்தொகையை, மார்ச் 31 தேதிக்கு எடுத்து காகிதத்தில் அச்சடித்துக்கொள்வேன். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதில் எக்ஸ்போர்ட் அக்கவுண்ட்ஸ் என்று இருக்கும். அது கணக்குப் பெயர்களின் மரத்தை மட்டும், பதிவுகள் இல்லாமல், புது ஃபைலாகக் கொடுக்கும். அதில் அச்சடித்த காகிதத்தைப் பார்த்து ஆரம்ப இருப்புகளைப் போடுவேன். கடைசியில் புது ஃபைலில் ஏப்ரல் 1 தேதிக்கு இருப்புநிலைக் குறிப்பு எடுத்து, இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி டிக் அடிப்பேன். சலிப்பான வேலைதான். ஆனால் அந்த டிக்கில்தான் நிம்மதி.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம். க்னூகேஷில் 'க்ளோஸ் புக்' என்றே ஒரு கருவி உண்டு. பெயரைப் பார்த்து இதுதான் ஃபைலைச் சிறிதாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வரவு செலவுக் கணக்குகளைப் பூஜ்யமாக்கிக் கடைக்காரர் முதலோடு சேர்க்கும் பதிவுகளைத்தான் அது போடும். ஃபைல் குறையாது, நாலைந்து வரி கூடும்.

டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். அதிலேயே பிரிக்கும் வசதி உண்டு. தேதி கொடுத்தால் பழைய காலத்துக்கு ஒன்றும் புதுக் காலத்துக்கு ஒன்றுமாகப் பிரித்துக்கொடுக்கும். பிரிக்கும் முன் சரிபார்ப்பை ஓடவிட வேண்டும். பில் வராமல் தொங்கும் கொள்முதல், விற்பனை இருந்தாலோ, வெளிநாட்டு நாணய லாப நட்டம் சரிக்கட்டாமல் இருந்தாலோ முதலில் அவற்றை முடிக்க வேண்டும். டாலரிலும் இந்திய ரூபாயிலும் பருப்பு வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் இழுக்கும்.

நான் விழுந்த குழி

மேலே 'வரவேண்டியது 94,00,000' என்று ஒரே வரியில் எழுதினேன் அல்லவா, அதில்தான் குழி.

சில வருடங்களுக்கு முன் வேறொரு கடைக்கு முதன்முதலாக ஃபைலைப் பிரித்தபோது நானும் ஒரே வரியில்தான் எழுதினேன். மொத்தம் நேராக வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். ஜூனில் மோல்மீன் வாடிக்கையாளர் ஒருவர் பணம் அனுப்பினார். எந்தப் பில்லுக்கு? புது ஃபைலில் அவர் பெயரே இல்லை. 94 லட்சம் மாதிரி ஒரு மொத்தக் குவியல் மட்டும் இருந்தது. இன்னொருவர், "நான் பிப்ரவரியிலேயே பாதி கொடுத்துட்டேனே" என்றார். பழைய ஃபைலைத் திறந்து, பதினோரு பேரின் பாக்கியையும் பில் பில்லாகப் பிரித்துத் திரும்பப் போட்டேன். இரண்டு நாள் போனது. கூலி கேட்க வாய் வரவில்லை.

அதனால் வரவேண்டியதும் கொடுக்கவேண்டியதும் ஆள் வாரியாக, முடிந்தால் பில் வாரியாகத் தாண்ட வேண்டும். வங்கியிலும் அப்படித்தான். மார்ச் 29இல் கொடுத்த செக் வங்கியில் ஏப்ரல் 3இல்தான் கழிகிறது என்றால், மார்ச் 31இல் உங்கள் கணக்கும் வங்கிப் பட்டியலும் வேறு வேறு எண் சொல்லும். அந்த நிலுவைச் செக்கைப் புது ஃபைலில் தனி வரியாகக் கொண்டுவராவிட்டால் ஏப்ரல் மாதச் சரிக்கட்டல் வம்பாகும்.

சரக்குக்கும் ஒரு வார்த்தை. நம் சந்தையில் எடை வீசையில் ஓடுகிறது. பர்மிய வீசை ஒன்று 1.63 கிலோ. ஏற்றுமதிப் பில் டன்னில் வரும். பழைய ஃபைலில் வீசையில் வைத்த சரக்கைப் புது ஃபைலில் கிலோ என்று அளவை மாற்றாமல் ஏற்றிவிட்டால், குடோனில் இருப்பதைவிடக் கணக்கில் குறைவாகத் தெரியும். பண மதிப்பு சரியாக இருப்பதால் ஐந்தொகையில் இது தெரியவே தெரியாது.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை?

இத்தனையும் சொல்லிவிட்டு இதைச் சொல்வது விநோதமாக இருக்கும்: முடிந்தவரை பிரிக்காதீர்கள். வருடா வருடம் பிரிக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரே ஃபைலில் இருந்தால் ஐந்து வருடமாக எந்த மாதத்தில் உளுந்து அதிகம் ஓடியது, எந்த வாடிக்கையாளர் எப்போதும் மூன்று மாதம் இழுக்கிறார் என்று ஒரே அறிக்கையில் பார்த்துவிடலாம். பிரித்துவிட்டால் ஐந்து ஃபைலைத் திறந்து பேப்பரில் கூட்ட வேண்டும்.

நிதியாண்டு வேறு நம் ஊரில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2018 அக்டோபரிலிருந்து அரசின் நிதியாண்டு அக்டோபர்-செப்டம்பர் ஆனது. 2022 ஏப்ரலில் மீண்டும் ஏப்ரல்-மார்ச்சுக்கே வந்தது. இடையில் 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை ஆறு மாதம் ஒரு குட்டி ஆண்டு. வருடத்துக்கொரு ஃபைல் என்று வைத்திருந்தவர்கள் எங்கே வெட்டுவது என்று முழித்தார்கள். ஒரே ஃபைல் வைத்திருந்தவர்கள் அறிக்கையில் தேதியை மாற்றினார்கள், வேலை முடிந்தது.

திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் பிரிப்பதை யோசிக்கலாம். இல்லாவிட்டால் பேசாமல் இருங்கள். அண்ணன் ஃபைலையே நாங்கள் எட்டு வருடத்தில் முதல் ஐந்தைத்தான் மூடினோம். கடைசி மூன்று வருடம் புது ஃபைலில் வருமாறு, பழைய ஃபைலின் நகலில் அந்தக் காலத்துப் பதிவுகளை ஏற்றுமதி செய்து, ஆரம்ப இருப்புக்கு மேல் இறக்கினோம். நேற்றுவரை நடந்த வியாபாரம் கண்முன் இருக்க வேண்டும் அல்லவா.

பெருக்கத்தை வாசலிலேயே நிறுத்துவது

ஃபைல் பெருக்கக் காரணம் பெரும்பாலும் வியாபாரம் பெருத்தது அல்ல, தேவையில்லாத நுணுக்கம். சில்லறை மளிகைக் கடையில் 500 கியாட் கறிவேப்பிலையையும் 1,200 கியாட் சோப்பையும் தனித்தனிப் பரிவர்த்தனையாகப் போடுவது வீண். கல்லாச் சிட்டையில் அது இருக்கட்டும். கணக்கு மென்பொருளுக்கு நாள் முடிவில் ஒரே பதிவு போதும்: இன்றைய ரொக்க விற்பனை இவ்வளவு. அதேபோல மொபைல் பண வாலட்டில் நாளுக்கு நாற்பது பேர் மூவாயிரம், ஐயாயிரம் என்று அனுப்புகிறார்கள். அந்தப் பட்டியலை அப்படியே இறக்காமல் நாள்வாரியாகக் கூட்டி ஒரு வரி. நாற்பது ஒன்றாகும். பட்டியலைத் தனியே பத்திரப்படுத்துங்கள். கடன் விற்பனைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அது ஆள் பெயரோடு தனித்தனியாகத்தான் வர வேண்டும்.

வங்கிப் பட்டியலை இறக்கும்போது வரும் தொல்லைகள் ஒரு தனிக் கூட்டம். ஒரே வாரத்தை இரண்டு முறை இறக்கிவிடுவது சகஜம். ஓஎஃப்எக்ஸ் என்ற ஃபைல் வடிவில் பட்டியல் வந்தால், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி தரும் ஒரு எண் இருக்கும். மென்பொருள் அதை வைத்து 'இது ஏற்கெனவே வந்தது' என்று கண்டுபிடித்துவிடும். சிஎஸ்வி என்ற இன்னொரு வடிவில் பெரும்பாலும் அந்த எண் இருக்காது. அதனால் இறக்கும் முன் கடைசியாக எந்தத் தேதி வரை இறக்கினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாதாரண நோட்டுதான். என்னிடம் இருப்பது கோயில் வருடாந்தரக் காலண்டரின் பின்பக்கம்.

சிஎஸ்வி என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் காற்புள்ளியால் பிரிப்பது. நாம் 12,40,000 என்று எழுதுவதிலும் காற்புள்ளி. மேற்கோள் குறி இல்லாமல் அப்படி எழுதினால் 12 ஒரு கட்டத்திலும் 40 அடுத்ததிலும் போய் உட்காரும். பன்னிரண்டு லட்சம் வெறும் பன்னிரண்டு கியாட் ஆன கதை. எண்ணைக் காற்புள்ளி இல்லாமல் 1240000 என்றே வைக்க வேண்டும். தேதியில் 03/04 என்றிருந்தால் ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இறக்கும்போது நாம்தான் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் தேதி வரை தப்பு தெரியாமலே போகும். 13ஆம் தேதி வரும்போதுதான் மென்பொருள் முகம் சுளிக்கும்.

எக்செல்லில் திறந்து திருத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புது எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரி வரை தாங்கும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் 65,536 வரிதான். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனாப் பரிசோதனை முடிவுகளை அந்தப் பழைய வடிவில் ஏற்றி, வரி தீர்ந்துபோய், கிட்டத்தட்ட 16,000 பேரின் முடிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயின. ஒரு நாட்டு அரசுக்கே நடந்தது. எட்டு வருடக் கணக்கை, பரிவர்த்தனைக்கு இரண்டு வரி வீதம், 96,000 வரியாக அந்தப் பழைய வடிவில் ஏற்றுமதி செய்தால் நமக்கும் நடக்கும். பதினைந்து இலக்கத்துக்கு மேல் நீளும் வங்கிக் கணக்கு எண்களின் கடைசி இலக்கங்களையும் எக்செல் பூஜ்யமாக்கிவிடும். அவற்றை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைக்க வேண்டும்.

பர்மாவுக்கே உரிய ஒரு தலைவலியும் உண்டு: எழுத்துரு. 2019 அக்டோபர் 1 வரை நம்மில் அநேகர் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அன்றிலிருந்து நாடே யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது. இரண்டும் ஒரே குறியீட்டு எண்களை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துவதால், 2018இல் எழுதிய பர்மிய வாடிக்கையாளர் பெயர் இன்றைய கம்ப்யூட்டரில் கோணல் மாணலாகத் தெரியும். அதைவிட மோசம், அதே ஆள் பெயரை இன்று தட்டித் தேடினால் பழைய பதிவு அகப்படாது. அண்ணன் ஃபைலில் ஒரே வியாபாரி இரண்டு பேராக இருந்தார். ஒருவர் மீது கடன், இன்னொருவர் பெயரில் முன்பணம். ஃபைலை மூடும் நாள்தான் இதைச் சரிசெய்ய நல்ல நாள். கணக்குப் பெயர்களை மட்டும் யூனிகோடில் திருத்திப் புது ஃபைலுக்குக் கொண்டுவந்தோம். பழைய ஃபைலைத் தொடவில்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில் விவரம் எழுதியவர்களுக்கும் இதே சங்கடம்தான்.

மூடிய ஃபைலை வைக்கும் இடம்

பழைய பேரேட்டைச் செல் அரிக்கும். பென் டிரைவை நம் ஊர் ஆறு மாத மழை ஈரம் அரிக்கும். ஒன்றை நம்பக் கூடாது. கடை லேப்டாப்பில் ஒன்று, வீட்டில் ஒன்று, இணையம் இருக்கும் நேரத்தில் வெளியூர்ச் சொந்தக்காரர் மெயிலுக்கு ஒன்று. ஃபைல் பெயரில் தேதியை வருடம்-மாதம்-நாள் என்று வைத்தால் கம்ப்யூட்டரே வரிசையாக அடுக்கும். 'கடைசி', 'கடைசி புதுசு', 'உண்மையான கடைசி' என்று மூன்று ஃபைல் அண்ணன் டெஸ்க்டாப்பில் இருந்தன. எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை. மூடிய ஃபைலை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். கூடவே இருப்புநிலைக் குறிப்பையும் முழுப் பதிவுப் பட்டியலையும் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்த மென்பொருளே இல்லாமல் போகலாம், பிடிஎஃப் திறக்கும்.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் யாங்கோனில் கணக்குக் கட்டுரை எழுத முடியுமா? எக்ஸ்எம்எல் ஃபைல் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த ஃபைல் கெடலாம். ஃபைல் பெரிதாக இருந்தால் எழுதும் நேரமும் கூடுதல், அந்த ஆபத்தும் கூடுதல். என்னைப் பொறுத்தவரை பிரிப்பதற்கு இதுவே டீ நேரத்தைவிடப் பெரிய காரணம். பேட்டரி செத்த லேப்டாப்பில் கணக்கு எழுதாதீர்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால், ஒதுங்கிய நகல்களை உடனே அழித்துவிடாதீர்கள்; கெட்டால் கடைசி நல்ல நகலிலிருந்து தொடங்கலாம். க்னூகேஷ் பக்கத்திலேயே ஒரு லாக் ஃபைலும் எழுதிக்கொண்டே போகும். நகலைத் திறந்து, அதற்குப் பிந்திய லாக்கை இறக்குமதி மெனுவில் 'ரீப்ளே' கொடுத்தால், சேமிக்காமல் போன பதிவுகளும் பெரும்பாலும் திரும்பிவரும்.

கரண்ட் வந்ததும் தெருவே "மீ லாபி!" என்று கத்தும். அவசரமாக ஃபைலைத் திறப்பீர்கள். 'இந்த ஃபைலை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்' என்று பூட்டுச் செய்தி வரும். பயப்பட வேண்டாம். கரண்ட் போனபோது மென்பொருள் தன் பூட்டை எடுக்காமல் செத்துவிட்டது, அவ்வளவுதான். எப்படியும் திற என்ற பொத்தானை அழுத்தலாம். ஆனால் அதற்கு முன் குடோனில் இருக்கும் பையனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், "டேய், நீ அந்த மெஷின்ல கணக்கத் திறந்து வச்சிருக்கியா?" என்று. அண்ணன் கடையில் ஒரு தடவை அவன் திறந்துதான் வைத்திருந்தான்.